விட்டிலுக்கு லக்கேஜ்

ஆடியில் யாரும் தாலி கட்டுவதில்லை.
பாதி வாடகைக்குக் கிடைத்துவிட்டது
கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை சாலைக் கல்யாண மண்டபம்.
மணமக்கள் பெயர் தொங்க வேண்டிய இடத்தில்
தெர்மோகோல் எழுத்து:
சித்திரக்கதைச் சந்திப்பு, இரண் ம் ஆண்டு.
'டா'வை யாரோ மிதித்துவிட்டார்கள்.

காவேரிப்பட்டணத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்தேன்,
மாங்கூழ் ஆலை அட்டைப்பெட்டிகளில் வெட்டிய
இரண்டு இறக்கைகளோடு.
எனக்கு டிக்கெட் இலவசம்.
இறக்கைக்கு லக்கேஜ், பன்னிரண்டு ரூபாய்.
'வெயிலில் வைக்காதீர்' என்று
இடது இறக்கையின் உள்பக்கம் இன்னும் தெரிகிறது.
மஞ்சள் பெயின்ட் அதற்குமேல் வரவில்லை.

மணமகன் அறையில் மூன்று வில்லன்கள்
ஒரே கண்ணாடிக்கு அடித்துக்கொள்கிறார்கள்.
மணமகள் அறையில் ஒரு ரோபோ
முதுகில் ஊக்கு குத்த ஆள் தேடுகிறது.
'அக்கா நீங்க பட்டாம்பூச்சியா?'
'விட்டில். கந்தக விட்டில்.'
'விட்டில்னா?'
'விளக்கைச் சுத்தும்ல, அது.'
'ஓ, ஈசலா' என்று சொல்லிவிட்டுப் போகிறாள்
பர்கூரிலிருந்து வந்த பவிஷா,
நான்காம் வகுப்பு, கையில் நெளிந்த ஸ்கேல்.

மேடையில் மாப்பிள்ளை நாற்காலியில் தஸ்தகீர்.
இருபத்திரண்டு வருடம் பலூனுக்குள் எழுதியவர்.
கல்லூரிப் பையன் ஒருவன் எழுந்து
சாகிறவர்கள் எல்லாரும் ஏன் சரியாக
ஏழு 'ஆ' போடுகிறார்கள் என்று கேட்கிறான்.
'பலூன் பெருசு தம்பி.
காலியா விட்டா முதலாளி திட்டுவாரு.'

ஓவியப் போட்டித் தலைப்பு:
சுங்கச்சாவடியில் ஒரு சூப்பர் ஹீரோ.
எல்லாரும் சாவடியை உடைத்தார்கள், எரித்தார்கள்,
ஒருவன் தூக்கிக்கொண்டே போய்
அணைக்குள் போட்டான்.
பவிஷா ஒன்பது கட்டம் போட்டாள்.
ஒன்பதிலும் அதே வரிசை, அதே லாரி.
ஒன்பதாவதில் டிரைவர் தூங்கிவிட்டார்.
ஹீரோ எங்கே என்றதற்கு, பின்னாடி லாரியில் என்றாள்.
ஆறுதல் பரிசு. ஒரு பென்சில் டப்பா.

பந்திக்கூடத்தில், இலை போடும் மேசைகளில்,
பழைய இதழ்கள் பந்திக்கு உட்கார்ந்திருக்கின்றன.
'தண்ணி டம்ளரோட யாரும் இந்தப் பக்கம் வராதீங்க!'
திம்மராயன். சூளகிரியில் பூச்சிமருந்துக் கடை.
அவரிடம் இருக்கிறது முப்பத்தேழாம் இதழ்.
நாலாயிரம்.

என்னிடமும் இருக்கிறது, கடைசித் தாள் இல்லாமல்.
பத்தாம் வகுப்பில் எந்தக் கடலை
அதில் மடிக்கப்பட்டதோ தெரியாது.
கலங்கரை விளக்கத்தை நோக்கி விட்டில் பறக்கிறாள்,
மேலே விளக்குக்காரன் திரியைக் கூட்டுகிறான்,
அவ்வளவோடு நிற்கிறது.
பத்தொன்பது வருடம் நான்தான் முடித்து வைத்தேன்.
நைட் ஷிஃப்டில் அவளை ஜெயிக்கவிட்டேன்.
கோர்ட்டில் என் பெயரைக் கூப்பிடக் காத்திருந்த அன்று
எரிய விட்டேன்.

'வாங்கல சார், கடைசிப் பக்கம் மட்டும்.'
என்னையும் இறக்கையையும் பார்த்தார்.
கை கழுவி வந்தார், வேட்டியில் துடைத்தார்,
திரும்பவும் துடைத்தார்.
உறையைப் பிரித்து அவரே புரட்டினார்.

ஐந்து கட்டங்களில் அவள் நெருங்குகிறாள்.
ஆறாவது வெள்ளை.
கோடு மட்டும் நாலு பக்கமும். உள்ளே ஒன்றுமில்லை.
'மை தீந்திருக்கும்மா. எல்லாக் காப்பியும் இப்படித்தான்.'

மேடைக்கு ஓடினேன்.
தஸ்தகீர் தயிர்சாதம் தின்றுகொண்டிருந்தார்.
'முப்பத்தேழா? கடைசிப் பக்கமா?
அதுல பலூன் உண்டா?'
'இல்லைங்க.'
'பலூன் இல்லாத பக்கம்
என்கிட்ட வராதும்மா.'

மண்டப வாட்ச்மேன் விளக்கை அணைக்க ஆரம்பித்தபோது
வலது இறக்கை பவிஷாவிடம் இருந்தது.
பென்சில் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
ஒற்றைச் சிறகோடு அப்பாவின் பைக்கில் ஏறினாள்.
காற்று பிடித்து வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது,
நிமிர்ந்தது.

ரவுண்டானாவில் அதே பஸ், அதே கண்டக்டர்.
'ஒண்ணுதான் இருக்கு, ஆறு ரூபா போடுங்க' என்றேன்.
'ரேட்டு அப்படியெல்லாம் பிரிக்க முடியாதும்மா.'
பன்னிரண்டு கொடுத்தேன்.
ஜன்னல் பக்கம் இறக்கையை உட்கார வைத்தேன்.